பிரபுவின் தன்மைப் பன்மை

ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பாதசாரிகளுக்கான ஒரு விளக்கு இருந்தது. மழை கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கார்கூட இல்லாதபோதும், எங்கள் வீட்டு முன்னறைப் பெரியவர் அந்தச் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டுக் குடையோடு நிற்பார். நான் பாதி ரோட்டைக் கடந்திருப்பேன். "வாங்க சார், ஒண்ணும் வரல" என்று கத்துவேன்.

"வாகனம் வரேல்லைத்தான் பிள்ளை. விளக்கும் இன்னும் மாறேல்லையே" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடு ரோட்டில் நான் நனைவேன், கரையில் அவர் சட்டத்தோடு காய்ந்தபடி நிற்பார். பச்சை வந்ததும் நிதானமாகக் கடந்து வந்து, ஈரமாகிவிட்ட என் தலைக்கு மேல் குடையைப் பிடிப்பார். கோபப்படவும் முடியாது.

எண்பத்தைந்தாம் வருடம். பழைய மரவீடு ஒன்றை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நானும் என் கணவரும், முன்னறையில் அவர். சமையலறை பொது. அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் ஒரு பிரிவுக்கே அரசாங்க அதிகாரியாக இருந்தவர், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார். அதற்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு, பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்பார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நமக்கெல்லாம் பழமொழி. அவருக்கு அது நியமனக் கடிதம்.

ஒருமுறை நூலகப் புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. காய்ச்சல். அதற்கு நூலகருக்கு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் விளக்கக் கடிதம் எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, நகலைத் தன் கோவையில் கட்டி வைத்தார். அந்த அம்மாள் சிரித்து, நல்லவேளை, அதைத் தூக்கிப் போடாமல் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தாள். அவர் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டார்.

மாசி என்கிற மேற்குப் புறநகரில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அந்தப் பக்கம் போய்வருவதை எனக்கு அவர் சொல்லவில்லை, அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பஸ் டிக்கெட்டுகள் சொல்லின. இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை மாசிக்குப் போய், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். "மகள் வீட்டுல சாப்பிட்டீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்குப் போறேல்லைப் பிள்ளை. பின் தெருவில பஸ் நிக்கிற இடம் இருக்கு. அதில இருந்து பாத்தா பின் வளவு தெரியும். உடுப்புக் காயப்போட்டிருப்பா. பேரனின்ர காற்சட்டை போன மாசம் இவ்வளவு இருந்தது, இப்ப இவ்வளவு" என்று கையால் அளந்து காட்டினார். "வளர்ந்திட்டான்."

"அவ்வளவு தூரம் போயிட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"கூப்பிடும்வரைக்கும் வர வேண்டாம் எண்டவ. பஸ் தரிப்பில நிக்கிறதுக்கு ஆரின்ர அனுமதியும் தேவையில்லை."

மகள்தான் அவரை இந்த நாட்டுக்கு எடுத்தவள். விசாவுக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறாள். அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட, அப்பா மட்டும் வந்து இறங்கினார். ஆறு வாரம் மாசியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஏழாவது வாரம் அவர் எங்கள் முன்னறைக்கு வந்துவிட்டார். மகள் கூப்பிட வேண்டும். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் மதுரையில் தமிழ் எம்.ஏ. படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஆக்லாந்தில் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட வாங்க முடியாது. கொத்தமல்லியும் அப்போது கிடைக்காது, அது வேறு விஷயம். யாராவது தமிழைத் தப்பாகப் பேசமாட்டார்களா, திருத்தலாமே என்று கை அரித்துக்கொண்டிருந்த காலம்.

குடிவந்த மறுநாளே அவர் மாட்டினார். சமையலறையில் வைத்து, "பிள்ளை, நாங்கள் மேல் தட்டில அரிசி பருப்பை வைப்பம், கீழ்த் தட்டில சட்டி பானையளை வைப்பம்" என்றார். நாங்கள் என்றால் கேட்கிற ஆளைச் சேர்க்காது. சேர்ப்பதற்கு நாம் என்று தனிச்சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வித்தியாசம் நாக்கிலேயே இருக்கும். ஒண்டிக்கட்டையாக இருக்கிற மனிதர் இரண்டு தட்டையும் தனக்கே எடுத்துக்கொண்டு, அதையும் பன்மையில் வேறு அறிவிக்கிறாரே என்று, என் பாத்திரங்களை வாரிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் கழித்து அவர் என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, உங்கட மனிசிக்கு என்னோட ஏதும் கோவமே?" என்று கேட்டிருக்கிறார்.

விசாரித்தால், அவர்கள் பேச்சில் அந்த வித்தியாசமே இல்லை. கேட்கிறவர், கேட்காதவர் எல்லாரையும் நாங்கள் என்ற ஒரே பாயில் உட்கார வைத்துவிடுகிறார்கள். "அப்ப நாம்ங்கிற சொல்லே கிடையாதா சார்?" என்றேன்.

"இருக்குப் பிள்ளை. கூத்தில ராசா வந்து நாம் எண்டு சொல்லுவார். பிறகு அரசாங்க அறிவித்தலில வரும். வீட்டுக்குள்ள ஆரும் சொல்லுறேல்லை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இலக்கணத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள் என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். பாத்திரங்கள் கீழ்த் தட்டுக்குத் திரும்பின.

பிரபு எங்கள் வீட்டுக்கு வந்தது அடுத்த குளிர்காலத்தில். ஒரு சர்ச்சில் பழைய பொருள்கள் விற்ற இடத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். நானூறு வருடங்களுக்கு முன் பிரான்ஸ் தேசத்தில் இருந்த ஒரு சின்னப் பிரபு எழுதிய கடிதங்கள். பெயர் நீளம், எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் பிரபு என்றே வைத்துக்கொண்டோம்.

"பெரிய ஆள் இல்லைப் பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்தில எங்கட பக்கத்தில மணியகாரர் எண்டு இருந்தவை, ஊர்ப் பகுதியைப் பாக்கிறதுக்கு. அந்த மாதிரி ஒரு ஆள். ஒரு குதிரை, ஒழுகிற கோட்டை, காலில வாதம். அங்க அப்ப சமயச் சண்டை. ரெண்டு பகுதியும் ஒரே யேசுவைக் கும்பிட்டுக்கொண்டு முப்பது வருசத்துக்கு மேல வெட்டிக்கொண்டவை. இந்தாள் ராசாவின்ர பக்கம். சாகுமட்டும் ராசாவின்ர பக்கம்."

கோட்டைக் கூரையைச் சரிசெய்ய அரசாங்கக் காட்டில் நாலு மரம் வெட்டிக்கொள்ளலாமா என்று பிரபு ராஜாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று அதில் உண்டு. நாடே எரிகிறது, இவருக்கு அனுமதி வேண்டும். அனுமதி வந்து சேர்ந்தபோது கூரை விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கும் ராஜாவுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதியிருக்கிறார். இதை வாசித்துவிட்டு எங்கள் சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்களுக்கும் அவருக்கும் ஒரே ஜாதகம் சார்" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஓம்" என்றார்.

அந்தக் கடிதங்களைத் தமிழில் எழுதத் தொடங்கினார். வேலை விட்டு வந்ததும், சமையலறை மேசையில் கோடு போட்ட கொப்பியைத் திறந்து வைத்து, ஒரு நாளைக்கு அரைப் பக்கம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்துவேன். ஆறு மாதம் என் எம்.ஏ. படிப்புக்கு உயிர் வந்தது.

பிரபுவின் தங்கை எதிர்த்தரப்புச் சமயத்தில் சேர்ந்தவள். மதில் சூழ்ந்த ஒரு நகரத்தில் கணவனோடு இருந்தாள். அந்த நகரத்து வாசல் சாவி பிரபுவின் பொறுப்பில் இருந்தது. ராஜாவின் படை வந்தது. வீடுகளில் இருப்பவர்களைத் தொடமாட்டோம் என்று தளபதி வாக்குக் கொடுத்தான். பிரபு ஆணையை மதித்துக் கதவைத் திறந்துவிட்டார். அன்று செத்தவர்களில் தங்கை கணவனும் ஒருவன். அவள் கடல் கடந்து போய்விட்டாள். பல வருடம் கழித்துப் பிரபு அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து வரிதான். அந்தப் பத்து வரியில் எங்கள் சார் இரண்டு வாரம் நின்றுவிட்டார்.

"என்ன சார், வாதம் உங்களுக்கும் வந்திருச்சா?" என்று ஒருநாள் சீண்டினேன். பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கும் ஒரு வாக்குத் தந்தவை, பிள்ளை."

ஊரில் இருந்தபோது படையினர் அவருடைய அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பிரிவில் பதினாறு வயதுக்கு மேல் முப்பதுக்குள் இருக்கிற ஆண்பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு அதிகாரம் இருந்தது, கொடுப்பது இவர் கடமை. பதிவேட்டைப் பார்த்துத் தட்டெழுதச் செய்தார். கையெழுத்துப் போடும்போது பார்த்தால், மூன்றாம் பக்கத்தில் அவருடைய மகனின் பெயர். வயது பத்தொன்பது.

"என்ர பிள்ளையின்ர பேரை மட்டும் வெட்டிப்போட்டு மற்ற வீட்டுப் பிள்ளையளின்ர பேரைக் குடுக்கிறதே? அது நியாயமில்லைத்தானே. அப்பிடியே குடுத்தனான்."

விசாரித்தார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மகன் வரவில்லை. அவனுக்கு என்ன ஆனது என்று கடைசிவரை ஒரு துண்டுக் காகிதம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. மாசி வீட்டில், ஆறாவது வாரத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து மகள் கேட்டிருக்கிறாள், ஏன் தம்பியின் பெயரை வெட்டவில்லை என்று. இவர் சட்டத்தைச் சொன்னார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல் அவர் பக்கம் தேநீரைத் தள்ளி வைத்தேன்.

"இப்ப இதைப் பாரும்" என்று புத்தகத்தைத் திருப்பினார். தங்கைக்கு எழுதிய கடிதத்தில், நகரத்தை இழந்தோம், ஒரு வீட்டை இழந்தோம் என்று பிரபு எழுதியிருக்கிறார். "இந்த இழந்தோம் ஆரைப் பிள்ளை? ராசாவின்ர ஆக்களையோ, தன்னையும் தங்கச்சியையுமோ? நான் நாங்கள் எண்டு எழுதினா உங்கட ஆக்களுக்கு எப்பிடி விளங்கும்?"

இப்படி ஒரு கேள்வி என் வாழ்நாளில் யாரும் என்னைக் கேட்டதில்லை. எழுந்தேவிட்டேன். "தங்கச்சியைச் சேர்த்துத்தான் சார் சொல்றாரு. அப்ப நாம்தான் வரணும். நாங்கள்னு எழுதினா அவளை வெளியே தள்ளின மாதிரி ஆகிடும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. இலக்கணத்துல விதியே இருக்கு."

கொப்பியில் அந்த நீளமான பெயரை எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். "இதையும் ஒருக்காப் பாரும்." மகளுக்குக் கடிதம். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அவருக்கு அதெல்லாம் எழுத வராது. வாயால் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். நாங்கள் தம்பியைத் துலைச்சுப்போட்டம். நாங்கள் அம்மாவையும் துலைச்சுப்போட்டம். நாங்கள் ரெண்டு பேரும் மிச்சம். இப்படி ஏழு இடத்தில் நாங்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மகளிடம் போய்ச் சேரப் பார்த்திருக்கிறார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழு நாங்களையும் அடித்து, மேலே நாம் என்று எழுதினேன். துலைச்சுப்போட்டம் என்பதை இழந்துவிட்டோம் ஆக்கினேன். கடிதம் பளிச்சென்று ஆகிவிட்டது. பரிசு கொடுக்கலாம் போல இருந்தது.

அவர் தாளை வாங்கி, உதட்டுக்குள் வாசித்துப் பார்த்தார். "இது ராசா கதைக்கிற மாதிரிக் கிடக்கே, பிள்ளை."

"உங்க காதுக்கு அப்படி. விதி இதுதான் சார். நாங்கள்னு போட்டா உங்க பொண்ணை ஒதுக்கின மாதிரி ஆயிடும், பரவாயில்லையா?"

"அவவை ஒதுக்கேலாது" என்றார் அவசரமாக. "விதி எண்டால் சரி."

மகளும் அவர் ஊர்க் காதோடு பிறந்தவள்தானே என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாய்விட்டும் சொன்னார். ஆனால் விதி என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், அவர் அதற்குமேல் தன் காதை நம்பமாட்டார். அழகான கையெழுத்தில் படியெடுத்துத் தபாலில் சேர்த்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. ஓடிப்போய், "என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். "கூப்பிடக் கொஞ்ச நாள் செல்லும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் மாசிக்குப் போகவில்லை. பிரபுவின் கொப்பியையும் திறக்கவில்லை. நான் கேட்டால், "கண் கொஞ்சம் மங்கல், பிள்ளை" என்பார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வருடம் ஜூலையில் பள்ளிக்கூட மண்டபத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் மகளின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அழைக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். நர்சுகள் அதை மதித்தார்கள்.

"நான் கூப்பிடுறேன் சார்" என்றேன்.

"வேண்டாம், பிள்ளை. அவ கூப்பிடேல்லை."

"இதுக்குமா சார் உத்தரவு?"

கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாள் நானும் கேட்டு நடந்தேன். சிவப்பு விளக்கில் ஒருநாளும் நிற்காதவள், அந்த இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் காலையில் தாங்காமல், நடைக்கூடத்துப் போனில் காசைப் போட்டு மாசிக்கு அடித்தேன். அவர் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னதும், "வாறன்" என்று ஒரு குரல். குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவள் வந்து சேர இருபது நிமிடம் பிந்திவிட்டது.

எல்லாம் முடிந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அறையைக் காலிசெய்ய வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அப்பாவின் மூக்கு. என்னை அக்கா என்றாள். நாலு சட்டை, ஒரு குடை, பிரபுவின் புத்தகம், நூலால் கட்டிய கோவைகள். அவர் எதையும் எறிகிறவர் இல்லையே. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கோவையைப் பிரித்தாள். மேலே, அவள் திருப்பி அனுப்பிய கடிதம். அதன் கீழ்ப்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: அப்பா, இதுவும் ஓர் அரசாங்க அறிவித்தலோ? அன்றுதான் எனக்கு அந்தப் பதில் என்னவென்று தெரிந்தது.

அதற்குக் கீழே முதல் தாள் இருந்தது. ஏழு அடித்தல். ஏழு சிவப்பு நாம்.

"இந்தச் சிவப்பு எழுத்து ஆரின்ர, அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "என்னோடதுதான்" என்றேன்.

நான் அடித்த கோடுகளுக்குக் கீழே இருந்ததை அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள். "நாங்கள் தம்பியைத் துலைச்சுப்போட்டம். நாங்கள் அம்மாவையும் துலைச்சுப்போட்டம். நாங்கள் ரெண்டு பேரும்..."

"அவர் சொன்னாரும்மா. இது ராசா பேசுற மாதிரி இருக்குன்னு சொன்னாரு. நான்தான் இலக்கண விதி இதுன்னு..."

"விதி எண்டு சொன்னீங்களோ?" என்றாள். "அப்ப கேட்டிருப்பார். அவர் அப்பிடித்தான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்து அழுதாள். குழந்தை வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாங்கள் அவரைத் தனிய விட்டிட்டம், அக்கா" என்றாள்.

அந்த நாங்களில் யார் யார் என்று நான் கேட்கவில்லை. "ஆமா" என்றேன்.